வாசற்கோலமும் நாற்பரிமாண வெட்டுமுகமும்: மும்பை வழியாக ஒரு வரலாறு

1989ஆம் ஆண்டில் வேர்ல்டு சயின்டிஃபிக் பதிப்பகம் ஒரு நினைவு மலரை வெளியிட்டது. முந்தைய ஆண்டு மறைந்த கிஃப்ட் சிரோமணியின் நினைவாகத் தொகுக்கப்பட்ட மலர் அது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் அவர். கல்வெட்டு எழுத்து, சிந்துவெளிக் குறியீடு, கோலம் எனப் பல துறைகளில் உழைத்தவர். கோட்பாட்டுக் கணினியியலைப் பொருளாகக் கொண்ட அந்த மலரில் இரண்டு கட்டுரைகள் கோலத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒன்று கம்பிக்கோலத்துக்கு இலக்கணம் எழுதுகிறது. மற்றொன்று, செடிகளின் வளர்ச்சியை விளக்கப் பிறந்த ஒரு சூத்திர முறையைக் கோலத்துக்கும் கருநாடக இசைக்கும் பொருத்திப் பார்க்கிறது. மலரின் தொகுப்பாசிரியர் ரங்கசாமி நரசிம்மன். அவர் மும்பையில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர்.

கோலத்தையும் ஃபிராக்டலையும் சேர்த்துப் பேசும் பதிவுகள் மார்கழி தோறும் சமூக ஊடகங்களில் பெருகுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இந்த மலரையோ, அதன் பின்னிருந்த இருபதாண்டு உழைப்பையோ அறிந்தவையாகத் தெரியவில்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் தொடரலாம்.

முதலில் நரசிம்மன். சென்னையில் பிறந்தவர், அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று 1954இல் மும்பைக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் பெரிய மின்னணுக் கணினியான டிஃப்ராக் அவர் தலைமையிலான குழுவின் ஆக்கம். அது 1960இல் இயங்கத் தொடங்கியது. 1962இல் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். கணினியியல் மாணவர்கள் அவரை இதற்காகவே நினைவுகூர்வர். மொழியியல் மாணவர்களுக்கு அவர் வேறொரு காரணத்தால் முக்கியமானவர்.

1961 முதல் 1964 வரை அவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அணுத்துகள்கள் குமிழிக் கலத்தில் விட்டுச்செல்லும் தடங்களைப் படம் பிடித்து, அப்படங்களை ஆயிரக்கணக்கில் ஆராய வேண்டிய தேவை இயற்பியலாருக்கு அப்போது இருந்தது. மனிதக் கண் சலித்துப்போகும் வேலை. இதைக் கணினியிடம் ஒப்படைக்க முனைந்தோர் பலரும் ‘இப்படம் எந்த வகையைச் சேர்ந்தது?’ என்றே கேட்டனர். நரசிம்மன் கேள்வியை மாற்றினார்: இப்படத்தின் உறுப்புகள் யாவை, அவை எவ்வாறு இணைந்துள்ளன? எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று ஒரு தொடரைப் பகுப்பதுபோல, கோடு, கிளை, முனை, சந்தி என்று ஒரு படத்தைப் பகுக்கலாம் என்பது அவர் கருத்து. 1962இல் அவர் எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே ‘மொழியியல் அணுகுமுறை’ என்ற தொடர் இடம்பெற்றுள்ளது. சோம்ஸ்கியின் முதல் நூல் வெளிவந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. படங்களுக்கும் இலக்கணம் உண்டு என்று உலகில் முதன்முதலாகச் சொன்ன மிகச் சிலருள் அவர் ஒருவர். பின்னாளில் மனித மொழி நடத்தையைப் பற்றியே 1981இல் ஒரு நூல் எழுதினார். நம் மொழியியல் துறைகளின் பாடத்திட்டங்களில் அவர் பெயர் தென்படாதது எனக்கு இன்றும் வியப்பளிப்பது.

படத்துக்கு இலக்கணம் உண்டு என்ற எண்ணம் தாம்பரத்தில் கோலத்தைச் சந்தித்தது. கணிதத்துறையில் இருந்த ராணி சிரோமணி, அவர் கணவர் கிஃப்ட் சிரோமணி, ராணியின் மாணவியான கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1972இல் பட மொழிகள் பற்றிய தங்கள் கட்டுரையை வெளியிட்டனர். 1974இல் அணி இலக்கணங்களையும் கோலத்தையும் இணைத்த கட்டுரை வந்தது. அவர்கள் செய்ததை எளிதாகச் சொல்லலாம். சாதாரண இலக்கணம் எழுத்துகளை ஒரே வரிசையில் கோக்கும். அவர்களது இலக்கணம் நெடுக்கும் குறுக்குமாக, சதுரக் கட்டங்களில் கோக்கும். அந்த இலக்கணம் பிறப்பிக்கும் ‘தொடர்’ ஒரு கோலமாக அமையும். ஒரே விதித்தொகுதியிலிருந்து சிறிய கோலம், அதனினும் பெரியது, அதனினும் பெரியது என்று முடிவிலா ஒரு குடும்பமே பிறக்கும். எந்தக் கோலக் குடும்பத்துக்கு எவ்வளவு வலிமையுள்ள இலக்கணம் தேவை என்று அவர்கள் வகைப்படுத்தினர். தமிழ்ப் பெண்கள் அரிசிமாவால் நாள்தோறும் போட்டு, நாள்தோறும் மிதிபட்டு அழியும் ஒன்று, பன்னாட்டு ஆய்விதழில் வடிவ மொழிக் கோட்பாட்டின் சான்றாக ஏறியது அவ்வாறுதான்.

அடுத்த கட்டம் கனடாவில் நிகழ்ந்தது. உயிரியலார் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் பாசியிழை போன்ற எளிய உயிர்களின் வளர்ச்சியை விளக்க ஒரு மாற்றெழுத்து முறையை உருவாக்கியிருந்தார். சோம்ஸ்கி இலக்கணத்தில் ஒரு நேரத்தில் ஒரு குறியீடு மாறும். லிண்டன்மேயர் முறையிலோ எல்லாக் குறியீடுகளும் ஒரே கணத்தில் மாறும், உயிரணுக்கள் எல்லாம் ஒருங்கே பிளப்பதுபோல. ரெஜைனா பல்கலைக்கழகத்தில் இருந்த ப்ருசின்கியெவிச் இக்குறியீட்டுச் சரங்களை ‘முன்னே போ, இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு’ என்ற ஆணைகளாகப் படித்துப் படங்கள் வரைந்தார். செடிகளும் வந்தன, ஃபிராக்டல் வளைகோடுகளும் வந்தன. கிஃப்ட் சிரோமணி நினைவு மலரின் இரண்டாம் கட்டுரை அவரும் கமலா கிருத்திவாசனும் விஜயநாராயணாவும் சேர்ந்து எழுதியது. கண்ணன் காற்சிலம்பு என்று வழங்கும் கோலத்தைப் பிறப்பிக்க ஒரே ஒரு மாற்றெழுத்து விதி போதும். ஒவ்வொரு படியிலும் குறியீடு ஒன்று நான்காகப் பெருகும். கோடோ கையெடுக்காமல் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். போலந்துக் கணிதரான சியர்பின்ஸ்கியின் பெயரால் வழங்கும் வளைகோட்டுக்கு அது நெருங்கிய உறவு.

இதுவரை சொன்னது வரலாற்றின் ஒரு சரடு. ஃபிராக்டலுக்கு இன்னொரு சரடு உண்டு. அது இலக்கணத்திலிருந்து வரவில்லை. வெட்டிப் பார்ப்பதிலிருந்து வந்தது.

வெட்டிப் பார்ப்பதென்றால் என்னவென்று சமையலறையிலேயே காணலாம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறைகளுள்ள பூ. நெடுக்கே பிளந்தால் முத்துக்கோத்த விதை வரிசை. சாய்த்து நறுக்கினால் ஒரு பக்கம் இழுபட்ட பூ. காய் ஒன்றே, கத்தி பாயும் திசையால் மூன்று படங்கள். பூவை மட்டுமே பார்த்தவர் வெண்டைக்காயை அறிந்தவர் ஆகார்.

புகழ்பெற்ற மாண்டல்பிராட் கணமும் அவ்வாறான ஒரு நறுக்குதான். அதன் சூத்திரம் மிக எளியது: ஓர் எண்ணை எடு, அதன் வர்க்கத்தோடு ஒரு மாறா எண்ணைக் கூட்டு, விடையை மீண்டும் வர்க்கமாக்கி அதே மாறா எண்ணைக் கூட்டு, தொடர்ந்து செய். விடைகள் எல்லையின்றிப் பெருகி ஓடுகின்றனவா, ஓரிடத்துக்குள் அடங்கி நிற்கின்றனவா என்பதே கேள்வி. இங்கே நம் விருப்பத்துக்கு விடப்பட்டவை இரண்டு எண்கள்: தொடக்க எண், கூட்டப்படும் எண். இரண்டும் கலப்பெண்கள். ஒவ்வொன்றுக்கும் மெய்ப்பகுதி ஒன்று, கற்பனைப்பகுதி ஒன்று. ஆக நான்கு அளவுகள். அடங்கி நிற்கும் எல்லா இணைகளையும் திரட்டினால் கிடைப்பது நான்கு பரிமாணங்களில் கிடக்கும் ஒரே பெரும் பொருள். அதை நம் கண் முழுமையாகக் காண இயலாது.

கூட்டப்படும் எண்ணை நிலைநிறுத்தித் தொடக்க எண்ணை மட்டும் மாற்றினால், அப்பெரும் பொருளின் ஒரு வெட்டுமுகம் கிடைக்கும். இதுதான் ஜூலியா கணம். பிரெஞ்சுக் கணிதர்கள் காஸ்டன் ஜூலியாவும் பியர் ஃபாட்டுவும் முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி, படமே இல்லாமல் வெறும் நிறுவல்களால் ஆராய்ந்த உருவம் இது. மாறாக, தொடக்க எண்ணைச் சுழியாக நிறுத்திக் கூட்டப்படும் எண்ணை மாற்றினால், முந்தையதற்குச் செங்குத்தான திசையில் மற்றொரு வெட்டுமுகம் கிடைக்கும். இதைத்தான் பெனுவா மாண்டல்பிராட் 1980இல் ஐபிஎம் ஆய்வகத்தின் கணினித் தாளில் கண்டார். இரண்டும் இரு வேறு படங்களாகவே சுவரொட்டிகளில் அச்சாகின்றன. உண்மையில் ஒரே காயின் குறுக்கு நறுக்கும் நெடுக்கு நறுக்கும்.

நான்கு அளவுகளில் எந்த இரண்டையும் அச்சாக்கலாம், தளத்தைச் சாய்க்கலாம், மையத்திலிருந்து நகர்த்தலாம். ஃபிராக்டல் கலைஞர்களுள் ஒரு சாரார் இதையே தொழிலாகக் கொண்டனர். ஃபிராக்டின்ட் என்ற இலவச மென்பொருளில் இந்த நாற்பரிமாணப் பொருளுக்கு ஜூலியா, மாண்டல்பிராட் இருவர் பெயரையும் ஒட்டி ஜூலிப்ராட் என்றே பெயர். 1982இல் ஐபிஎம்மின் ஆலன் நார்ட்டன் நான்கு கூறுகள் கொண்ட குவாட்டர்னியன் எண்களில் இதே வகைச் சூத்திரங்களை ஓட்டி, விளைந்த உருவங்களின் முப்பரிமாண வெட்டுமுகங்களை வரைந்து காட்டினார். வழக்கமான பூச்சுழிகளுக்குப் பழகிய கண்ணுக்கு அவை கடைந்தெடுத்த மரச் சிற்பம்போல் தோன்றும்.

வழக்கத்துக்கு மாறான வெட்டு எப்போதும் அழகாக இருக்கும் என்பதில்லை. இரண்டு எண்களின் கற்பனைப்பகுதிகளையும் சுழியாக்கி, மெய்ப்பகுதிகளை மட்டும் அச்சுகளாகக் கொண்டு ஒரு படம் வரைந்து பாருங்கள். சிறு நிரல் போதும். கூட்டப்படும் எண் கால் என்ற அளவிலிருந்து குறைந்து −2 வரை செல்லும்வரை, படத்தில் ஃபிராக்டலின் சுவடே இல்லை. மேலும் கீழும் இரண்டு வழுவழுப்பான பரவளைய விற்கள், வலப்புறம் ஒரு நேர்க்கோட்டு விளிம்பு. பள்ளிப் புத்தகப் படம்போல இருக்கும். −2ஐத் தாண்டிய மறுநொடி நடுவில் ஒரு பிளவு, பிளவின் இருமருங்கிலும் பிளவுகள், அவற்றினுள்ளும் பிளவுகள், திண்ணிய உருவம் தூளாகச் சிதறிவிடும். எல்லையற்ற நுணுக்கமுள்ள ஒரு பொருளை இப்படி வெட்டினால் அது நம்மை ஏமாற்றிச் சாதுவாகக் காட்டிக்கொள்ளும் என்பதை இந்த ஒரு படத்தில் கற்றேன். அழகான படங்கள் இதைக் கற்பிக்கவில்லை.

மற்றொரு வெட்டு நேரே கோலத்திடம் கொண்டுவந்து சேர்க்கும். கார்ல் மெங்கர் 1926இல் விவரித்த பஞ்சு ஒன்றுண்டு. ஒரு கனசதுரத்தை 27 சிறு கனசதுரங்களாகப் பகுத்து, நடுவில் உள்ளதையும் ஆறு முகங்களின் நடுவில் உள்ளவற்றையும் நீக்கவேண்டும். எஞ்சிய 20இலும் அதையே செய்யவேண்டும்; முடிவின்றித் தொடரவேண்டும். இதை முகத்துக்கு இணையாக நடுவில் வெட்டினால் நான்கு மூலைகளில் ஒதுங்கிய சதுரத்தூள் கிடைக்கும். எதிரெதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக, மையத்தின் வழியே வெட்டினால், அறுகோணச் சட்டத்தின் நடுவே ஆறுமுனை விண்மீன். அதைச் சூழச் சிறு விண்மீன்கள். அவற்றைச் சூழ இன்னும் சிறியவை. சதுரமும் செங்கோணமும் தவிர வேறெதுவும் இல்லாத பொருளுக்குள் விண்மீன் எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்கத் தோன்றும். தளத்தை மையத்திலிருந்து நகர்த்தினால் ஆறுமடிச் சமச்சீர் குலைந்து மும்மடியாகிவிடும்.

இப்படத்தைக் கண்டதும் தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் ஊடுபுள்ளிக் கோலம் நினைவுக்கு வரும். அந்த நினைவு வெறும் தோற்ற மயக்கம் அன்று. நேர்ப்புள்ளியில் ஏழுக்கு ஏழு வைத்தால் 49 புள்ளிகள், சதுரம். ஊடுபுள்ளியில் நடுவில் ஏழு வைத்து இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைத்தால் 37 புள்ளிகள், அறுகோணம். இப்போது ஏழுக்கு ஏழுக்கு ஏழு என்று 343 புள்ளிகளைக் கனசதுரமாக அடுக்கியதாக எண்ணிக்கொள்ளுங்கள். முகத்துக்கு இணையாக வெட்டினால் வெட்டுமுகத்தில் 49 புள்ளிகள்: நேர்ப்புள்ளி. மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக நடுவில் வெட்டினால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்ற வரிசைகளில் சரியாக 37 புள்ளிகள்: ஊடுபுள்ளி. எண்ணிச் சரிபார்க்கலாம். பெண்கள் இதழ்களின் மார்கழி இணைப்புகளில் வழக்கமாக வரும் 15-8 இடைப்புள்ளியும் அவ்வாறே; 15 பக்கமுள்ள புள்ளிக் கனசதுரத்தின் 169 புள்ளி வெட்டுமுகம் அது. கோலத்தின் இரண்டு பெரும் புள்ளி முறைகளும் ஒரே முப்பரிமாண அடுக்கின் இரு வெட்டுகள்.

இங்கே ஒரு தடுப்புச் சுவர் எழுப்புவது கட்டாயம். இந்தக் கணித உறவிலிருந்து ‘நம் பாட்டிமார் முப்பரிமாண வெட்டுமுகம் அறிந்திருந்தனர்’ என்ற முடிவுக்குத் தாவுவது வரலாறு ஆகாது. நெருக்கமாகப் புள்ளி வைக்க எளிய வழி, முந்தைய வரிசையின் இடைவெளியில் வைப்பது. தேனீயும் அதைத்தான் செய்கிறது. கண்ணன் காற்சிலம்பு நான்காகப் பெருகும் குறியீடு என்பதும் ஆய்வாளரின் விவரணை. கோலம் போடுபவரின் மனத்தில் அந்த விதி அவ்வடிவில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கறாராகப் பார்த்தால் எந்த வாசற்கோலமும் ஃபிராக்டல் அன்று. ஓரிரு படிகளில் நின்றுவிடும், மாவின் தடிப்பும் வாசலின் அகலமும் நிறுத்திவிடும். முன்னோர் பெருமைக்காகப் பொய் சொல்வதால், உண்மையில் அவர்கள் செய்த அரிய செயல் மறைந்துபோகிறது என்பதே என் மனத்தாங்கல்.

அந்த அரிய செயல் யாது? தாம்பரத்து ஆய்வாளர்கள் அதைச் சரியாகக் கண்டனர். நினைவு மலரின் கம்பிக்கோலக் கட்டுரை, கோலத்தை முடிந்த படமாக நோக்காமல், நேரே செல்லுதல், திரும்புதல், புள்ளியைச் சுற்றுதல் போன்ற அடிப்படை நகர்வுகளின் தொடராக நோக்குகிறது. கோலம் போடுபவரிடம் இருப்பது படங்களின் பட்டியல் அன்று, நகர்வுகளின் அறிவு. மொழியியலில் முதலாண்டு மாணவருக்குச் சொல்வோமே, மொழி என்பது சொல்லப்பட்ட தொடர்களின் குவியல் அன்று, இதுவரை சொல்லப்படாத தொடரையும் ஆக்கவல்ல அறிவு என்று, அதே வேறுபாடுதான். கண்ணுக்குப் புலப்படும் கோலம் அந்த அறிவின் ஒரு வெட்டுமுகம்.

இந்த வேறுபாடு மும்பையில் இப்போது ஏட்டுப் பேச்சாக இல்லை. மாட்டுங்காவில் நூறாண்டுகளுக்கு அருகாகத் தமிழர் வாழ்கின்றனர். தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்கள் பல தலைமுறை கண்டுவிட்டன. செம்பூரிலும் அதையடுத்த அணுசக்தி நகரிலும் அரசுப் பணியாளர் குடும்பங்கள். மூன்று இடங்களிலும் கோலம் உண்டு, ஆனால் ஒரே கோலம் இல்லை. மாட்டுங்காவின் பழைய பிராமண வீடுகளில் ஈரமாவால் இழைத்த படிக்கோலம். தாராவியின் சந்துகளில் உலர்பொடியால் புள்ளிக்கோலம். பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையில் பானைகளைச் சுற்றி அது விரியும். செம்பூர் அடுக்ககங்களில் மராட்டிய ரங்கோலியின் வண்ணப்பொடி கோலத்தோடு கலந்துவிட்டது. இந்த மூன்றில் எது ‘தமிழ்க் கோலம்’ என்று நூல்களில் அச்சேறுகிறது என்பதிலும் சாதியும் வர்க்கமும் கத்தியின் திசையைத் தீர்மானிக்கின்றன.

வாசலோ சுருங்குகிறது. மாடிக் குடியிருப்பில் வாசல் என்பது மின்தூக்கி எதிரே உள்ள பொது நடைவழியின் இரண்டு ஓடுகள். அங்கே மாவு சிந்தக்கூடாது. ஆகவே கோல ஒட்டி. மாட்டுங்காக் கடைகளில் அது பல அளவுகளில் கிடைக்கிறது, அச்சுப்பிசகாத சமச்சீருடன். தாராவி மறுமேம்பாடு நிறைவேறும்போது, தெருவைப் பார்த்துத் திறக்கும் வாசல் என்ற அமைப்பே பல்லாயிரம் குடும்பங்களுக்கு மாறிவிடும். ஒட்டியைப் பழிப்பதற்கில்லை; வாடகை வீட்டில் வேறு வழியில்லாதவரின் அழகுணர்ச்சி அது. ஆனால் ஒட்டி என்பது மனப்பாடமான ஒற்றைத் தொடர். பொருள் தெரியாமல் மந்திரம் ஒப்பிப்பவரை அம்மொழி அறிந்தவர் என்று நாம் கணக்கிடுவதில்லை.

இதனால்தான் இப்போது பல்கலைக்கழகங்களிலும் தன்னார்வக் குழுக்களிலும் தொடங்கியிருக்கும் கோல ஆவணப் பணிகளைப் பற்றி எனக்குக் கவலை. ஏறத்தாழ எல்லாமே ஒளிப்படத் தொகுப்புகள். ஆயிரம் படங்கள், உயரத்திலிருந்து நேர் கீழ்நோக்கி, ஒரே திசையில் நறுக்கிய ஆயிரம் வெட்டுமுகங்கள். எந்தப் புள்ளியில் கை தொடங்கியது, எங்கே தயங்கியது, பிழை நேர்ந்தால் எந்த வளைவில் சரிசெய்யப்பட்டது, எதைக் கண்டு கோலம் முடிந்ததென்று அவர் எழுந்தார் என்பவை எதுவும் அவற்றில் இல்லை. போட்டவர் பெயரும் பெரும்பாலும் இல்லை. 1974இலிருந்து இன்றுவரை கோலக் கணிதத்தில் கட்டுரையாசிரியர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன, அவர்களுள் இருவர் பெண்கள் என்பதில் மகிழ்ச்சியே. தரவு தந்த கைகளின் பெயர்கள் நிலைக்கவில்லை.

கள ஆய்வுக்குப் போகும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காணொளியும் எடுங்கள், பெயரையும் கேட்டு ஒப்புதலோடு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமேல், மொழியியலார் அறிமுகமில்லாச் சொல்லைக் கொடுத்துப் பன்மை கேட்பதுபோல, அவர் போட்டு முடித்த 15-8 கோலத்தைக் காட்டி, இதையே 17 புள்ளியில் போட முடியுமா என்று கேளுங்கள். ஒட்டியை மட்டும் அறிந்தவர் புத்தகத்தைத் தேடுவார். கோலம் அறிந்தவர் தேடமாட்டார். நடுவரிசையில் இரண்டு கூடும், ஓரத்தில் ஒன்று கூடும் என்று விரலால் காற்றில் காட்டிவிட்டு, 217 புள்ளிகளையும் எண்ணாமலே வைக்கத் தொடங்கிவிடுவார். அவர் கை முதலில் எந்த வளைவைப் பெரிதாக்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.